அலுமாரியும் நாற்பது நாள் பௌதிகமும்

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை மூன்று முறை கோட்டை விட்டவன் நான். அந்த ரோசத்தில்தான் நாற்பத்திரண்டு வயதில், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்து, உயர்தரக் கணிதத்தையும் பௌதிகத்தையும் நாற்பதே நாளில் கரைத்துக் குடித்தேன். (குடித்தது உண்மை. செமித்ததா என்று கேட்காதீர்கள்.)

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி ஸப்னாவின் கலியாணம் வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள், வாப்பா செய்வித்த கண்ணாடி அலுமாரியைக் கரைத்தீவிலிருந்து கற்பிட்டி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ரோட்டால் போனால் புத்தளத்தைச் சுற்ற வேண்டும். இடையில் கிடக்கும் களப்பை, அந்த உப்புநீர்ப் பரப்பை, வள்ளத்தில் கடந்தால் கிட்ட. நிஸ்தார் மச்சானின் வள்ளத்தில் ஏற்றினோம்.

"படுக்க வெச்சுக் கட்டுவம், மச்சான்," என்றான் அவன்.

"படுக்க வெச்சா கண்ணாடி வெடிச்சிரும். நிக்கட்டும். வகையீட்டுச் சமன்பாடு போட்டுப் பாத்துட்டன். எவ்வளவு சரிஞ்சாலும் வள்ளம் நிமிரும்."

"அலுமாரி உங்கட. வள்ளம் என்ட. அத மட்டும் யோசிங்க."

கரையில் நின்ற ஸப்னா அண்ணன் என் கையைப் பிடித்தாள். "நானா, மாப்பிள்ளட உம்மா அறையெல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கா. என்னய வெக்கப்படுத்திப் போடாதீங்க."

நடுக்களப்பில் காற்று எழும்பியது. வள்ளம் சரிந்தது, சமன்பாடு சொன்னபடியே நிமிர்ந்தது. ஸுப்ஹானல்லாஹ்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பாகை சரிகிறது என்று ஃபோனில் அளந்து மச்சானுக்குக் காட்ட எழுந்து நின்றேன்.

அடுத்த நொடி நானும் அலுமாரியும் தண்ணீருக்குள். வாய் நிறைய உப்பும் சேறும். அலுமாரி, வள்ளம், எஞ்சின், மச்சான் எல்லாருடைய நிறையையும் கணக்கில் போட்டவன், எழுபத்தெட்டுக் கிலோ என்னைப் போட மறந்திருக்கிறேன்! விழுந்த அதிர்ச்சியை விட இந்த அதிர்ச்சிதான் மூச்சை அடைத்தது.

அலுமாரி மூழ்கவில்லை. மச்சான் சொன்னபடியே ஒழுங்காகப் படுத்துக்கொண்டு, கண்ணாடி உடையாமல் மிதந்தது. நான் அதன்மேல் தொற்றிக்கொள்ள, அவன் கயிறு கட்டி இழுத்துப் போனான்.

கற்பிட்டிக் கரையில் மாப்பிள்ளையின் உம்மா நெஞ்சில் கை வைத்தார். "யா அல்லாஹ்! அலுமாரி வருதெண்டுதானே சொன்னாங்க. மேல படுத்திருக்கிறது ஆரு?"

தண்ணீரில் ஊறிய அலுமாரிக் கதவு இன்றுவரை சரியாகப் பூட்டுப்படுவதில்லை. ஸப்னா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது வீட்டில் சோறாக்க ஆள் எண்ணினாலும், பயணத்துக்கு ஆள் எண்ணினாலும், முதலில் அவள்தான் கேட்பாள்: "நானாவச் சேத்தாச்சா?" உடனே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன பெருநாளுக்கும் அப்படித்தான் கேட்டு, சிரித்து, வேனில் ஏறினார்கள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வேன் போயிருந்தது.