மணி அடிக்காத காவலன்

ஏரியை மேலே வைத்துவிட்டு ஊரைக் கீழே கட்டிக்கொண்ட ராஜ்யம் ஒன்று இருந்தது. அமைதிபுரி என்று பெயர். கரை கசிந்தால் மணி அடிக்க வேண்டியது காவலன் செங்கானின் வேலை. அவன் மனைவி பூவாயியும் கைக்குழந்தையும் கரைக்கு நேர் கீழே குடிசையில் இருந்தார்கள். தலைமைக் காவலன் ஆகிவிட்டால் கோட்டை மேட்டில் வீடு கிடைக்கும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் அவன் அரண்மனை வாசலில் போய் நின்றான்.

"போன மழையில் நீ மணி அடித்திருக்கிறாய்," என்றார் பதவி உயர்வுத் துறை அமைச்சர்.

"அடிச்சதாலதானுங்க சனம் பொழச்சுது."

"சனம் பிழைத்ததற்குச் சாட்சி இல்லை. மணி அடித்ததை மன்னரே கேட்டார். ஆபத்தே இல்லாத ராஜ்யத்தில் ஆபத்து மணி அடிப்பவனுக்கு எப்படியப்பா உயர்வு தருவது?"

அன்றே சட்டம் வந்தது. மழைக்காலம் முழுக்க மணி அடிக்காதவனுக்கே உயர்வு. கரையில் ஈரம் தெரிந்தால் அது வியர்வை. மணி ஒலிக்காதபோது மேட்டுக்கு ஏறுகிறவன் வதந்தி பரப்புகிறவன், அவனுக்குச் சவுக்கடி.

அந்த ஆண்டு மழை பேயாகக் கொட்டியது. செங்கான் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைத் தொடாமல் இருந்தான். மழைக்காலத்தின் கடைசி நாளில் பூவாயி குழந்தையோடு ஓடி வந்தாள்.

"அடுப்புக்குள்ள தண்ணி ஊறுதுய்யா. மணிய அடி!"

"பொழுது சாயட்டும் புள்ள. உத்தரவு வந்துரும். நாளைக்கு நாம மேட்டுல இருப்போம்."

அவள் சவுக்குக்குப் பயந்து மேட்டுக்கு ஏறாமல் குடிசைக்கே திரும்பினாள். பாவி, அப்போதும் அவன் நினைத்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

பொழுது சாய்ந்ததும் மேளதாளத்தோடு அமைச்சர் வந்து தலைப்பாகை கட்டிவிட்டார். கட்டி முடித்த மறுகணம் செங்கான் மணிக்கயிற்றைப் பாய்ந்து பிடித்தான். புதிய காவலன் மாடன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"விடுங்க தலைவரே. இனிமே இது என் கயிறு. எனக்கும் கீழதான் வீடு. எனக்கும் மேடு வேணும்."

அதற்குள் கரை உடைந்தது.

மறுநாள் சபையில் அமைச்சர் கேட்டார்: "மணி அடித்ததா?"

"இல்லீங்க."

"அப்படியானால் வெள்ளம் வரவில்லை. தலைமைக் காவலரே, நீரே ஊருக்கு அறிவியும்."

செங்கான் மேட்டில் நின்று அறிவித்தான். கீழே கேட்க யாரும் இல்லை.

அடுத்த மழை முடிந்ததும், மேட்டுக்குக் கூட்டிப்போக ஒரு உயிரும் மிஞ்சாத மாடன் உயர்வு கேட்டு வாசலில் வந்து நின்றான்.

"மணி அடித்தாயா?" என்று கேட்டார் தலைமைக் காவலர் செங்கான்.