மூக்காயி பெரியம்மாவுக்கு ஒரு மலர்வளையம்

பெரியம்மாவைச் சாகடிக்க வேண்டும் என்று யோகராணி கனவிலும் நினைத்ததில்லை. அது வாய் தவறி நடந்துபோன கொலை.

கண்டி நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில் அவள் கணக்குப் பிரிவு. அன்று பகல் இரண்டு மணிக்குத் தெல்தெனியவில் மகள் தனுஷிகாவின் பள்ளிக்கூடக் கலைவிழா. முயலும் ஆமையும் நாடகத்தில் தனுஷிகாதான் ஆமை. நீல நிற பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, பச்சைத் தாள் ஒட்டி, முதுகில் கட்ட நாடா வைத்து ஓடு செய்து கொடுத்தது யோகராணியேதான். செய்து கொடுப்பதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. போய்ப் பார்ப்பதில்தான் கோளாறு.

முதலாம் ஆண்டு விழாவுக்குப் போக முடியவில்லை. இரண்டாம் ஆண்டிலும் அதே கதை. பெற்றோர் கூட்டமென்றால் பக்கத்து வீட்டுக் கமலம் அக்கா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். புருஷன் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துபோவான். விடிந்தும் விடியாமலும் கண்டி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, இருட்டுகிற நேரத்தில் வந்து இறங்குகிற யோகராணிக்கு மகளின் பள்ளிக்கூடக் கேட் என்ன நிறம் என்பதுகூடத் தெரியாது.

"அம்மா, இன்னைக்கு வருவீங்கதானே?" என்று காலையில் பிள்ளை கேட்டது.

"சத்தியமா வர்றேன்டா தங்கம்."

"சரிம்மா."

அழுது அடம் பிடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தச் 'சரிம்மா' கண்டி வரைக்கும் அவளைக் குத்திக்கொண்டே வந்தது. இந்த முறை மலை புரண்டாலும் போயே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவள் மனேஜரின் அறைக்குள் நுழைந்தாள்.

மனேஜர் திருச்செல்வம் யாழ்ப்பாணத்துக்காரர். அவளுக்கு முன்னால் நின்ற சக ஊழியன் முனாப்பை அவர் அப்போதுதான் காய்ச்சிக்கொண்டிருந்தார். மச்சானின் கல்யாணத்துக்காக அரை நாள் லீவு கேட்டிருந்தான் பாவம்.

"மாசக் கடைசியில கலியாணமோ? ஆரைக் கேட்டு வைச்சவை?" என்று அவனைத் துரத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன பிள்ளை? லீவெண்டால் இப்பவே சொல்லிப்போட்டன். செத்த வீடு எண்டாலொழிய ஏலாது."

"செத்த வீடுதான் சேர்" என்றது யோகராணியின் வாய்.

மனேஜரின் முகம் அப்படியே இளகிவிட்டது. "ஐயோ. ஆர்?"

அவசரத்துக்கு அகப்பட்டவள் பெரியம்மா ஒருத்திதான். "எங்க மூக்காயி பெரியம்மா சேர். ஹுன்னஸ்கிரிய தோட்டத்துல."

ஊரின் பெயரைச் சும்மா சொல்லவில்லை. தெல்தெனியவையும் தாண்டி ஏறும் அந்த மலைப் பாதையின் வளைவுகளை நினைத்தாலே மனேஜருக்கு வயிற்றைப் புரட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். ஆனால் திருச்செல்வம் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார், செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டார். கிளையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வான் பிடித்து, மலர்வளையம் வாங்கி, துணிப் பதாகையோடு போய் இறங்குவது அவர் காலத்துச் சட்டம். அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை அலுவலக அலுமாரியில் எப்போதும் தொங்கும்.

"எப்ப எடுக்கினம்?"

நாளைக்கு என்றால் நாளைக்கு வந்து நிற்பார்கள். "இன்னைக்கே சேர், நாலு மணிக்கு. நீங்கள்லாம் வந்து சேர முடியாது" என்றாள் புத்திசாலித்தனமாக.

"ஏன் ஏலாது? முனாப்! வானுக்குச் சொல்லும்! அலுமாரியைத் திறந்து என்ர சட்டையை எடும்!"

கொஞ்ச நேரத்தில் யோகராணி வானின் முன் ஆசனத்தில் இருந்தாள். பின்னால் வெள்ளைச் சட்டையில் மனேஜர், முனாப், இன்னும் நாலைந்து பேர், ஒரு பெரிய மலர்வளையம். அதன் குறுக்கே கட்டிய நாடாவில் 'அமரர் மூக்காயி அம்மாள்' என்று பொன்னிற எழுத்துகள் மின்னின. பெயரைச் சரியாக எழுத வேண்டுமென்று கடைக்காரன் அவளிடமே இரண்டு முறை கேட்டுக்கொண்டான்.

"யோகா மிஸ், அழுதிருங்க" என்றான் முனாப் பின்னாலிருந்து. "உள்ளுக்க வெச்சிக்கிட்டா நெஞ்சுக்குக் கூடாது."

அவள் அழத்தான் செய்தாள். வானில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து அழுதாள்.

தென்னகும்புர பாலம் தாண்டியதும் ஒரு யோசனை வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "ஆ? என்னா சொல்றீங்க? நெசமாவா?" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். "சேர்! பெரியம்மா சாகலையாம்! மூச்சு இழுத்துக்கிட்டு இருக்காம்! அவசரப்பட்டுச் சொல்லிட்டாங்களாம்!"

வானுக்குள் யாருக்கும் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அப்ப நீங்கள்லாம் திரும்பிருங்க சேர். நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"திரும்புறதோ?" திருச்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "செத்தாப்பிறகு போறதைவிட, உயிரோட இருக்கேக்கை போய் முகம் பாக்கிறதெல்லோ புண்ணியம்! ட்ரைவர், திகனையில நிப்பாட்டும்."

திகனையில் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றும் அப்பிளும் வாங்கினார்கள். நோயாளியைப் பார்க்க மலர்வளையத்தோடா போவது? அதைப் பின் ஆசனத்துக்குக் கீழே தள்ளி, பதாகையைச் சுருட்டி மேலே போட்டார்கள். மறைத்தது போதாதென்று முனாப் தன் கால்களையும் விரித்து வைத்துக்கொண்டான்.

"சேர், இதைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா?" என்று கேட்டான்.

"சும்மா இரும் முனாப். தேவைப்பட்டாலும் தேவைப்படும்."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். யோகராணியிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. விழா தொடங்கியிருக்கும். ஆமையின் முறை எப்போது வருமோ? பேசினைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பிள்ளை கூட்டத்தில் அம்மாவைத் தேடும். அந்த முகத்தை நினைத்ததும் அவளுக்கு வெட்கம் மானம் எல்லாம் விட்டுப்போயிற்று.

"சேர், சொல்ல மறந்துட்டேன். பெரியம்மாவுக்கு வந்துருக்கிறது தொத்துற காய்ச்சலாம். கிட்டப் போகக் கூடாதாம்."

முனாப் உடனே கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினான். திருச்செல்வமோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பிடியெண்டால் தோட்டத்தில வைச்சிருக்கப்படாது பிள்ளை! இந்த வானிலயே ஏத்திக் கண்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம். நான் மடியில வைச்செண்டாலும் கொண்டுவாறன்!"

கெட்டவராக இருந்திருந்தால் யோகராணி எப்போதோ தப்பித்திருப்பாள். இந்த மனுஷன் இவ்வளவு நல்லவராக இருந்து தொலைத்ததுதான் அவளுக்கு வந்த வினை.

தெல்தெனிய டவுனில் வாகன நெரிசல். வான் ஊர்ந்தது. இங்கே இறங்கி ஓடினால் பள்ளிக்கூடம் எட்டிவிடும் தூரம். வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லலாமா, வாந்தி வருகிறது என்று சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் கடுகு மஞ்சள் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நின்ற ஒரு பெண்மணி வானை உற்றுப் பார்த்தாள். பார்த்த கையோடு பாய்ந்து வந்து கண்ணாடியில் படபடவென்று தட்டினாள்.

"ஏய் யோகா! நிப்பாட்டச் சொல்லுடி!"

யோகராணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். ட்ரைவர் நிறுத்திவிட்டான். கதவு திறந்தது. பட்டுச்சேலை சரசரக்க ஏறி முனாப்பின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள் வந்தவள்.

"நல்ல வேளை! ஹுன்னஸ்கிரியவுலருந்து நின்னுக்கிட்டே வந்து காலு கடுக்குது. கட்டாயம் வரணும்னு தனுக்குட்டி போன் போட்டுச்சு பாரு, அதான் வந்தேன். வெரசா போங்க, நாடகம் ஆரம்பிச்சிருப்பாங்க."

"அம்மா ஆரெண்டு தெரியேல்லை?" என்றார் திருச்செல்வம் மரியாதையாக.

"நானா? இவளோட பெரியம்மா. மூக்காயி."

முனாப்பின் கால்கள் தானாகவே மடங்கி மேலே ஏறிவிட்டன. மறைப்பு போனதும் மலர்வளையம் வெளியே எட்டிப் பார்த்தது. பெரியம்மா குனிந்து, நாடாவை இழுத்து, எழுத்துக் கூட்டினாள்.

"அம...ரர்... மூக்...காயி... அம்...மாள். ஏண்டி யோகா, என்னாடி இது?"

"யா அல்லாஹ்" என்றான் முனாப் கைலேஞ்சிக்குள்ளிருந்து.

அதற்குமேல் யோகராணியால் தாங்க முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "பொய் சொல்லிட்டேன் சேர். என் மகளோட கொன்சேர்ட்டு. ஒவ்வொரு வருஷமும் வர்றேன் வர்றேன்னு ஏமாத்திட்டேன். இந்த முறையாச்சும் பாக்கணும்னுதான்... அவ ஆமையா நடிக்கிறா சேர்."

திருச்செல்வம் மலர்வளையத்தைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"ஆமையோ?"

"ஆமை சேர்."

வேலை போயிற்று என்றே யோகராணி நினைத்துக்கொண்டாள். அப்போது பெரியம்மா ஹோர்லிக்ஸ் போத்தலை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு வாங்கினதுதானே? இந்தாங்க ஐயா, பெத்த புள்ளையப் பாக்கணும்னுதான் அவ என்னையக் கொன்னா. செத்த எனக்கே கோவம் இல்ல. உங்களுக்கு என்னா?"

திருச்செல்வம் அப்பிள் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். "லீவைப் பற்றி நாளைக்குக் கதைப்பம். ட்ரைவர், பள்ளிக்கூடத்துக்கு விடும்."

கேட் பச்சை நிறம். மண்டபத்திலிருந்து ஒலிபெருக்கி கேட்டது: "அடுத்ததாக, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வழங்கும் முயலும் ஆமையும்." யோகராணி பாய்ந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அப்பிள் பையோடு மனேஜர், ஹோர்லிக்ஸை அணைத்தபடி பெரியம்மா, அப்புறம் ஒட்டுமொத்தக் கணக்குப் பிரிவு. முனாப் நாடாவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூக்களை மட்டும் உருவி இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்தான்.

வாசலில் நின்ற இளம் டீச்சர் குறுக்கே வந்தாள். "நீங்க யாரைப் பாக்கணும்?"

"நான் தனுஷிகாவோட அம்மா, டீச்சர்."

டீச்சரின் கண்கள் அகல விரிந்தன. யோகராணியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்வை வானுக்குப் போய், அந்தக் கூட்டத்துக்குப் போய், பூக்களுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஐயோ, எயார்போட்லருந்து நேரா இங்கதான் வர்றீங்களா? 'எங்கம்மா டுபாய்ல வேலை செய்றாங்க டீச்சர், அதான் ஒண்ணுக்கும் வர முடியல, ஆனா விழாவுக்கு எப்படியும் பிளேன் ஏறி வந்துருவாங்க'ன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு புள்ள, பாருங்க, கடைசியில அது சொன்னது பொய்யே இல்ல!"