மச்சானின் ஈரல் மச்சானுக்கு

பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், ‘மாற்று அறுவை விளைவு முன்கணிப்புப் பிரிவு’ இயங்கி வந்தது. கல்லீரலில் புற்றுநோய் வந்தவருக்கு வேறு கல்லீரல் பொருத்தினால், அதன்பின் அவர் எத்தனை காலம் இருப்பார், நோய் திரும்பி வருமா வராதா என்பதை முன்கூட்டியே கண்டறிந்து உலகுக்கு அறிவிப்பது அதன் திருப்பணி. கட்டி எத்தனை, எவ்வளவு பெரியது, ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்றெல்லாம் பார்த்து டாக்டர்கள் யோசிக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனுஷர் ஆரம்பித்து வைத்த காரியம்தான். அது ஆபீஸ் ஆனதும் யோசனை போய் மார்க் வந்துவிட்டது. நூற்றுக்கு அறுபது எடுத்தால் பாஸ்.

பிரிவின் கணிப்பு இதுவரை பிசகியதே இல்லை. ஃபெயிலான இருநூற்றுப் பதினாலு பேரில் ஒருவர்கூட அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐந்து வருஷம் வாழ்ந்ததில்லை. அவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சையே நடக்கவில்லையே என்று ஒரு நர்ஸம்மா வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். மறுநாளே அவளைக் கண் வார்டுக்கு மாற்றினார்கள்.

அந்த அறை வாசலில்தான் நம் தையல்காரர் முப்பத்தெட்டு மார்க் சீட்டோடு நின்றார். உடம்பு மஞ்சள் பூத்திருந்தது. “மூணு மாசத்துக்குள்ள மாத்திடணும், அதுக்கு மேல கட்டி வளர்ந்துட்டா யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று டாக்டரம்மா சொல்லி ஒரு மாசம் ஓடிவிட்டது. ஈரலுக்குப் பஞ்சமில்லை. மனைவியின் தம்பி, லாரி டிரைவர், ஆள் கிணற்றுச் சுவர் மாதிரி இருப்பான், “பாதி என்ன மச்சான், முக்கால்வாசி வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று ஒற்றைக் காலில் நின்றான். மார்க்குதான் இல்லை.

பிரிவுத் தலைவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ஜோசியர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே ஐயா. அவர் சீட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கிப் பார்த்தார்.

“ஐயா, ஸ்கேன்ல கட்டி நாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர். நீங்க அஞ்சுன்னு போட்டிருக்கீங்க” என்றார் தையல்காரர்.

“புள்ளிகளை நாங்கள் ஒழித்துவிட்டோம். நிர்வாகச் சீர்திருத்தம்.”

“அஞ்சுக்குக் கீழ இருந்தா முழு மார்க்குன்னு போர்டு வெச்சிருக்கீங்களே.”

“ஆமாம். உங்களது ஐந்து. கீழே இல்லை.”

“சட்டைக் கழுத்துல அரை சென்டிமீட்டர் ஏமாந்தாலே மனுஷனுக்கு மூச்சு முட்டும் ஐயா. இது என் உசுரு!”

“உணர்ச்சிவசப்படுகிறார்” என்று ஜோசியர் குறித்துக்கொண்டார். “அதற்கு நான்கு மார்க் குறையும். இருந்தாலும் முதல் தடவை என்பதால் மன்னிக்கிறேன்.”

தையல்காரரின் மனைவி சீட்டை எட்டிப் பார்த்தாள். எடுத்ததெல்லாம் பேசித் தீர்க்கிறவள். “இதென்னங்க, புற்றுநோய் இருக்குன்னு இருபது மார்க் குறைச்சிருக்கு?”

“புற்றுநோய் உள்ளவர்கள், இல்லாதவர்களைப் போல நீண்ட நாள் வாழ்வதில்லை என்பது புள்ளிவிவரம், அம்மா.”

“புற்றுநோய் இருக்கறவங்களுக்குத்தானே இந்த ஆபரேஷனே!”

ஜோசியர் நீளமாக மூச்சு விட்டார். “அதுதான் எங்கள் பிரிவு சந்தித்து வரும் மிகப் பெரிய சவால்.”

மறுமதிப்பீட்டுக்கு ஒரே ஒரு தடவை மனுப் போடலாம் என்று விதி இருந்தது. போட்டார்கள். போட்ட நேரம், பாருங்கள், புதுச் சுற்றறிக்கை ஒன்று வந்து இறங்கியது. நோயாளிகளின் அந்தரங்கம் காக்கும் பொருட்டு இனி எந்தத் தாளிலும், எந்தப் புட்டியிலும் பெயர் இருக்கலாகாது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒருவருக்கொருவர் என்ன உறவோ, அதை மட்டும் எழுத வேண்டும்.

ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு கண்ணாடிக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். முதலில் தையல்காரரைக் கேட்டார்.

“கூட வந்திருக்கறவர் உங்களை என்னன்னு கூப்பிடுவார்?”

“மச்சான்னு.”

புட்டியில் ‘மச்சான்’ என்று எழுதி ஒட்டினார். அடுத்து டிரைவரிடம் திரும்பினார். “உங்களை அவர் என்னன்னு கூப்பிடுவார்?”

“மச்சான்னுதான்.”

இன்னொரு ‘மச்சான்’ எழுதி ஒட்டினார். அக்கா புருஷனுக்கு மனைவியின் தம்பி மச்சான், மனைவியின் தம்பிக்கு அக்கா புருஷன் மச்சான், எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் அதே முறைதான். இதில் கண்ணாடிக்காரர் மேல் என்ன குற்றம்? ஸ்கேன் அறை வாசலில் “மச்சான் உள்ள வாங்க!” என்று ஒரு குரல் வந்தது. இரண்டு பேரும் எழுந்தார்கள். “ஒருத்தர்தான்!” என்றது குரல். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கடைசியில் டிரைவருக்குப் பசி எடுத்ததால் அவனே முதலில் போனான்.

நாலாம் நாள் ஜோசியரே வாசலுக்கு ஓடி வந்தார். இருபது வருஷ சர்வீஸில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“தொண்ணூற்றெட்டு!” என்று கத்தினார். “எங்கள் பிரிவின் வரலாற்றிலேயே இல்லாத மார்க்! கட்டி பூஜ்யம்! ரத்தம் பரிசுத்தம்! ஈரல் புத்தம் புதிது! மாற்று அறுவைக்கு இவரைவிடத் தகுதியான புற்றுநோயாளியை நான் கண்டதே இல்லை!”

தையல்காரர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். “ஐயா, தப்பு நடந்துபோச்சு. அது என் ரத்தமில்லை. மச்சானோடது.”

ஜோசியர் தாளைப் பார்த்தார். “ஆமாம், மச்சானுடையது என்றுதான் இருக்கிறது.”

“அந்த மச்சான் நான் இல்லைங்க, இவன்!”

“நீங்கள் இவருக்கு மச்சான் இல்லையா?”

“மச்சான்தான்.”

“பிறகு என்ன குழப்பம்?”

“ஐயா, அவனுக்கு நோயே இல்லையே!”

“அதனால்தானே இத்தனை மார்க்!”

தையல்காரர் மறுபடி வாயைத் திறந்தார். மனைவி அவர் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். “அவர் அப்படித்தாங்க, சந்தோஷத்துல உளறுவார். நீங்க கையெழுத்துப் போடுங்க” என்றாள். ஜோசியர் பச்சை மையில் போட்டார். ஆணை இப்படி இருந்தது: ‘மச்சானின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து மச்சானுக்குப் பொருத்த இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது.’

அறுவை செய்கிற டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். எதிரே மஞ்சள் பூத்த ஒரு மச்சானும் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு மச்சானும் நின்றார்கள். நடந்ததையெல்லாம் தையல்காரர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, தானே இரண்டு பேரையும் முதலிலிருந்து சோதித்தாள்.

“நாலு புள்ளி ஆறு. ஒத்தைக் கட்டி. ரத்தக் குழாய்ல ஏறலை. உங்களுக்கு எப்பவோ வெச்சிருக்கணும்” என்றாள்.

“ஆணைக்கு விரோதமில்லையா டாக்டரம்மா?”

“ஆணைல என்ன தப்பு? மச்சானோடதை எடுத்து மச்சானுக்கு வைக்கச் சொல்லியிருக்கு. வெச்சுட்டாப் போச்சு.”

காலை ஏழு மணிக்கு இருவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் புருஷன், அடுத்த கதவுக்குப் பின்னால் தம்பி. நடுவில் ஒரு பெஞ்சில் அந்தப் பொம்பளை இரண்டு பேர் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் வீறிட்டு அழுதாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. தையல்காரர் கன்னத்தில் சதை வைத்து, நிறம் திரும்பி, மிஷினில் உட்கார்ந்துவிட்டார். நோய் எட்டிப் பார்க்கவில்லை. டிரைவருக்கு ஈரல் மறுபடி வளர்ந்ததோடு தொப்பையும் சேர்ந்து வளர்ந்தது. கணிப்பு அப்படியே பலித்துவிட்டது என்று பிரிவுக்கு விருது கொடுத்தார்கள். ஜோசியர் மேடையில் கண் கலங்கி, இந்த வெற்றியிலிருந்து கற்ற பாடத்தைப் புதுச் சுற்றறிக்கையாகவே வாசித்தார். ‘புற்றுநோய் இல்லாதவர்களுக்குக் கல்லீரல் மாற்றினால் விளைவு மிகச் சிறப்பாக இருப்பது ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளதால், இனி அவர்களுக்கே முன்னுரிமை.’

ஊர் சும்மா இருக்குமா? நோய் நொடி இல்லாதவனெல்லாம் மார்க் வாங்க வரிசையில் நின்றான். வாங்கியவன் மார்க் சீட்டைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டான். எண்பதுக்குக் கீழே எடுத்தவனுக்கு மாடி வீடு வாடகைக்கு இல்லை என்றார்கள். ஒரு மாமியார், மருமகளைவிட மூன்று மார்க் அதிகம் என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டு திரிந்தாள். தையல்காரரின் தொண்ணூற்றெட்டு மார்க் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடை நடுவில் தொங்கியது. துணி தைக்க வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். முதலில் அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. போகப் போகக் கூச்சம் விட்டுவிட்டது.

ஒருநாள் மத்தியானம் ஒரு பெயின்டர் கடைக்கு வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். பக்கத்தில் தாங்கிப் பிடித்தபடி ஒரு முரட்டு ஆள்.

“அண்ணே, எனக்கு நாப்பத்தொண்ணுதான் போட்டிருக்காங்க. மறுமதிப்பீட்டுக்கு மனு எழுதிட்டேன். உங்களை மாதிரி தொண்ணூத்தெட்டு வாங்க என்னண்ணே செய்யணும்?”

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒழுக்கம் வேணும் தம்பி. நேரத்துக்குத் தூங்கணும். மனசுல கவலையே இருக்கக்கூடாது. நான் அப்படித்தான் இருந்தேன்.”

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவருக்குப் புரையேறியது.

முரட்டு ஆள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: “ஈரல் நான் தர்றேங்க, தயாரா நிக்கறேன். இவரு என் மச்சான்.”

“ஈரல் இருந்து என்ன பிரயோஜனம், மார்க் வேணுமே” என்றார் தையல்காரர். “நாப்பத்தொண்ணு கொஞ்சம் கஷ்டம்தான். கணிப்பு பொய்க்காது. எனக்கு எப்படிப் பலிச்சிருக்கு பாருங்க!”

பெயின்டர் தலையை ஆட்டிக்கொண்டு படி இறங்கினார். உள்ளேயிருந்து மனைவி பாய்ந்து வந்தாள். “நாசமாப் போச்சு! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? கூப்பிட்டு அந்தப் புட்டி விஷயத்தைச் சொல்லுங்க. ரெண்டு பேரும் மச்சான்தானே!”

தையல்காரர் சுவரில் தொங்கியதை ஒரு பார்வை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “சொல்லலாம்தான். விஷயம் வெளியே வந்து, தப்புன்னு சொல்லி என் மார்க்கைக் குறைச்சுட்டாங்கன்னா? அப்புறம் நான் எத்தனை நாள் இருப்பேன்னு யாரு கண்டா?”

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி டீ கிளாஸைப் பார்த்தான். வெளியே பெயின்டர் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.