திரையின் இடது மேல் மூலையில் மச்சான்

நாமக்கல்,
ஆவணி 6.

பெருமதிப்பிற்குரிய மச்சான் வையாபுரி அவர்களுக்கு,

பச்சமுத்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் சௌமியாவும் நலம். உங்கள் தங்கை உண்ணாமலையும் நலம் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. ஓமலூரில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும், கோபம் கொஞ்சமாவது தணிந்திருக்க வேண்டும்.

நடந்ததில் என் தப்பு ஒன்றும் இல்லை என்பதை விளக்கவே இந்தக் கடிதம். லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் வண்டிகளின் வரிசையை, அதாவது சீரியலைப் பார்த்தவன் நான். முதலில் வந்த வண்டிக்கு முதல் லோடு. என் சீரியலில் ஒரு வண்டி முன்னே பின்னே போனதாக ஒருவர் சொல்லட்டும் பார்க்கலாம். அதே முறையில்தான் சௌமியா கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய எண்பத்தாறு வீட்டையும், வீட்டுக்கு ஒரு ஃபைல் என்று கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். இடது மேல் மூலையில் முதல் ஆளாக நீங்கள். தாய்மாமனுக்கு முன்னால் யாரை நிறுத்த முடியும்? வலது கீழ்க் கோடியில் எங்கள் அடுப்பு ரிப்பேர் கோகுல்ராஜ். பதினைந்து வருடமாக எங்கள் கேஸ் அடுப்பைப் பார்ப்பவர், நல்ல மனிதர், அழைக்காமல் இருக்க முடியாது.

இந்த நேரம் பார்த்து சௌமியா, "பழைய சிஸ்டம் இனி ஆவாதுங்கப்பா, புதுசு போட்டுர்றேன்" என்றாள். போட்டாள். காலையில் பார்த்தால் இடது ஓரத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. லாரியில் கிளீனர் உட்காரும் இடது பக்கத்துக் கதவு ராத்திரியோடு ராத்திரியாக முன்னால் ரேடியேட்டர் இருக்கும் இடத்துக்கு மாறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். எல்லா வீட்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, உறைகளில் முகவரி அச்சடிக்கக் கட்டளையும் கொடுத்துவிட்டேன். முதலில் வெளியே வந்த உறைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பூலத் தட்டில் வைத்து, உங்கள் ஊருக்குக் கிளம்பினோம். பெயரைப் படித்துப் பார்த்தீங்களா என்று உங்கள் தங்கை காரில் கேட்டாள். சீரியல் நம்பர் ஒன்றைப் படித்து வேறு பார்க்க வேண்டுமா என்று நான்தான் சிரித்தேன்.

புது சிஸ்டம் எல்லா ஃபைலையும் அகரவரிசைக்கு மாற்றி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும், மச்சான்? பங்காளிகள் அத்தனை பேர் முன்னால் நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அடுப்பு ரிப்பேர் கோகுல்ராஜ் அவர்கள், குடும்பத்துடன்" என்று சத்தமாகப் படித்தீர்கள். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அப்பறம் என்னுங்க, தாய்மாமன் மாலையையும் அடுப்புக்காரரே எடுத்துக் குடுக்கட்டுங்க" என்று உள்ளே போய்விட்டீர்கள். அக்கா கொடுத்த காப்பியை நான் நின்றுகொண்டே குடித்தேன்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் இறங்க மாட்டேன் என்கிறது. சௌமியாவுக்குக் காது குத்தியது உங்கள் மடியில். வலியில் அவள் உங்கள் பெருவிரலைக் கடித்து ரத்தம் வந்தும், கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் இல்லாமல் அவள் மணவறைக்கு எப்படி வருவாள்? "மாமா வல்லீன்னா தேதியத் தள்ளி வெய்ங்கப்பா" என்று நேற்று அழுதேவிட்டாள்.

ஆனால் ஒன்று, இனி இப்படி நடக்காது. புது சிஸ்டம் இப்போது முழுக்க என் கைக்குள். எண்பத்தாறு ஃபைலையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய சீரியலுக்கே கொண்டுவந்துவிட்டேன். இடது மேல் மூலையில் மறுபடியும் நீங்கள். இந்தக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து, இதன் உறைக்கும் அந்த மூலையிலிருந்தே முகவரி எடுக்கப் போகிறேன். என் நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை வைத்து, ஆவணி இருபத்திரண்டாம் தேதி முன்னின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லா நலமும் நிறைந்திருக்க அர்த்தநாரீஸ்வரர் அருள் புரியட்டும்.

தங்கள் அன்புள்ள,
பச்சமுத்து

பின்குறிப்பு (கையால் எழுதியது): மேலே உள்ள கடிதம் முந்தாநாளே கூரியரில் போனது. கடிதத்தை முடித்ததும் கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட் என்று தானே அணைந்து எழுந்ததாம், எழுந்ததும் அகரவரிசைக்கே திரும்பிவிட்டதாம். சௌமியா சொல்லித்தான் தெரிந்தது. இன்று காலை கோகுல்ராஜ் வெள்ளை வேட்டியில், கையில் இதே கடிதத்தோடு வந்தார். "முழுசாப் படிச்சனுங்க, மனசு கேக்குலீங்க. அவரு வல்லீன்னா பாப்பாவுக்கு மாமனா நான் நிக்கறனுங்க" என்றார். உங்கள் தங்கை சிரித்துவிட்டாள், என்னைப் பார்த்து அல்ல. அவர் கொண்டுவந்த கடிதத்தையே, நானே கையால் முகவரி எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். கோகுல்ராஜ் பூக்கடையில் மாலைக்கும் சொல்லிவிட்டார், மச்சான். தயவுசெய்து அவருக்கு முன்னால் வந்துவிடுங்கள்.