கற்பூரமும் தீம் அண்ணனும்

உலகத்தில் ஆப் செய்கிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம் என்றால், எங்கள் 'தீம்' அண்ணன் மட்டும் மறுபக்கம். ஆரணியில் ஒரு பட்டுக்கடை மாடியில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீசில், ஆப்புக்குச் சட்டை உடுத்திவிடுவதுதான் அவர் வேலை. அதாவது நிறம், எழுத்து, இடைவெளி எல்லாம். ஒரே ஆப் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரே மாதிரி அழகாகத் தெரிய ஸ்டைலிங் லைப்ரரி என்று சில உண்டு. அதில் புதிதாக ஒன்று வந்துவிட்டால் அண்ணனுக்கு அன்று சோறு இறங்காது.

"ஸ்டைலைத் தனியா எழுதறதெல்லாம் போச்சும்மா. குட்டிக் குட்டிப் பேரா, பட்டன் எழுதற வரியிலயே ஒட்டிகினு போறதுதான் இப்ப ட்ரெண்டு" என்பார். அதை நாங்கள் கற்று முடிப்பதற்குள், "அதுவும் பழசு. ஆப்பைக் கட்டும்போதே ஸ்டைலை முடிச்சிடணும், அப்பதான் ஜல்தியா ஓடும்" என்று எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போடுவார்.

"பேஜார் பண்ணாதீங்கண்ணா!" என்று கத்துவேன்.

"நாம மாத்தறது சட்டையத்தாம்மா. நெறமெல்லாம் ஒரே எடத்துல பத்திரமா கீது."

உண்மைதான். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று புடவை நிறங்களின் பெயரையே வைத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதியிருந்தார். எந்த லைப்ரரி வந்தாலும் அங்கிருந்துதான் நிறம் எடுக்கும்.

கீழ்க்கடை முதலாளிக்குச் செய்த கல்யாணப் புடவை ஆப்தான் எங்களுக்கு வாழ்வா சாவா. அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆபீசைச் சென்னைக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கோ கைக்குழந்தை. அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

ஆப்பை முதன்முதலில் திறக்க நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். முதலாளி தன் போனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றிச் சுற்றிக் காட்டி, ஆப்பைத் தொட்டார். திரை முழுக்கக் கன்னங்கரேல்! அவர் போன், திரையைக் கறுப்பாகக் காட்டும் டார்க் மோடில் இருந்திருக்கிறது. அண்ணன் முந்தின நாள் போட்ட புது லைப்ரரி, போன் சொன்னதை அப்படியே கேட்டுவிட்டது.

"இன்னாய்யா இது? முகூர்த்தப் புடவை விக்கிற எடத்துல கறுப்பு!"

சென்னை பஸ் என் கண்முன்னால் வந்து நின்றது.

அண்ணன் பதறவேயில்லை. லேப்டாப்பில், பின்னணி கறுப்பு என்றிருந்த அந்த ஒரே இடத்தில் மாம்பழ மஞ்சள் என்று மாற்றினார். அது சோதனை ஆப். இங்கே மாற்றினால் போனில் உடனே மாறும்.

"தட்டை இன்னொரு சுத்து சுத்துங்க சார்" என்றார்.

முதலாளி சுற்றினார். திரை பளீரென்று மஞ்சளானது.

"அடேங்கப்பா! கற்பூரம் காட்டினாத்தான் வெளிச்சம் வருது! இன்னா டெக்னிக்குய்யா!" முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத மட்டும் எப்பவும் மாத்திடாதீங்க."

அதற்குப் பிறகு அண்ணன் எத்தனையோ லைப்ரரி மாற்றிவிட்டார். முதலாளி சொன்னபடி அந்த ஆப் மட்டும் இன்றும் திறக்கும்போது ஒரு கணம் கறுத்து, அப்புறம்தான் மஞ்சளாகிறது. ஆபீஸ் ஆரணியிலேயே இருக்கிறது. சாயங்காலம் என் மகளுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன்.

அதற்காக அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டால், "இந்த ஸ்டைல் பழசாயிடுச்சும்மா" என்பார். பழசாகவே இருக்கட்டும் அண்ணா, கும்பிட்டுக்கொள்கிறேன்.