கப்பலுக்குத் துண்டு போட்டவள்

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு வாய் கிடையாது, அதுதான் காரணம். என் இடத்தில் யாராவது உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கச் சொல்ல நாக்கு வராது. அதனால் எங்கே போனாலும் முந்திப் போய்விடுவேன். ஒரு கல்யாணத்துக்கு அப்படிப் போனபோது சமையல்காரர் என்னை வேலைக்கு வந்தவள் என்று நினைத்துத் தேங்காய் துருவச் சொன்னார். (துருவிக் கொடுத்தேன். வாய் இருந்தால்தானே மறுக்க?)

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வர, கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்து டூர்க்காரர் ஒருவர் ஆள் சேர்த்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த என் வீட்டுக்காரர் நாலு டிக்கெட் எடுத்தார். அவர், நான், மகள் கவிதா, அப்புறம் நங்கையாள். நங்கையாள் என்றால் அவருடைய அக்கா. அவருக்கு வாய் உண்டு. என் பங்கும் சேர்த்து அவரிடம் இருந்தது.

கப்பல் மத்தியானம் ஒரு மணிக்கு. பத்தரைக்கு மேல் ஏற்றுவார்கள் என்று டூர்க்காரர் சொல்லியிருந்தார். பத்தரைக்கு என்றால் ஏழு மணிக்காவது அங்கே நிற்க வேண்டாமா? ஒரு வாரம் நச்சரித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கே வேன் பிடிக்க வைத்து, ஏழு மணிக்கெல்லாம் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். கேட்கூடத் திறக்கவில்லை.

"கப்பல் என்ன காந்திபுரம் டவுன் பஸ்ஸா? உன்னோட ரோதனையாப் போச்சு!" என்று அவர் எரிந்து விழுந்தார்.

"நீ உக்காந்து காவல் இரு அம்மணி. நாங்க நாஷ்டா தின்னுபோட்டு, ஊரச் சுத்திப் பாத்துட்டு வாரோம்" என்றார் நங்கையாள்.

பெட்டிகளையும் டிக்கெட்டுகளையும் என்னிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் போனார்கள்.

பத்தரைக்கு வரிசை நகர ஆரம்பித்தது. அவர்களைக் காணோம். ஒரு போர்ட்டர் வந்து, கப்பலுக்குத்தானே என்று கேட்டுப் பெட்டிகளைத் தூக்கித் தலையில் வைத்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பெட்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். போய் இடம் பிடித்துவிட்டு இறங்கி வந்துவிடலாம் என்று கணக்கு. கேட்டில் மற்ற மூன்று பேர் எங்கே என்று கேட்டார்கள். பொதுவாகப் பின்பக்கம் கையைக் காட்டினேன்.

உள்ளே ரயில் பெட்டி போல மேலும் கீழும் படுக்கைகள். கண்ணாடி ஜன்னல் ஓரமாக நல்லதாக நாலு பார்த்து, நாலு துண்டு போட்டேன். இப்போது இறங்கினால் துண்டை யாராவது எடுத்துப் போட்டுவிட்டால்? அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் வந்தால் அசந்துபோவார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். டிக்கெட் நாலும் என் மடியில் இருக்கிறது, அவர்கள் எதை வைத்து வருவார்கள் என்பது இந்த மண்டையில் உதிக்கவில்லை.

பன்னிரண்டரை இருக்கும். ஒரு குடும்பம் வந்து என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தது. வெள்ளை உடுப்புப் போட்ட கப்பல்காரர் ஒருவரும் வந்தார். கோயமுத்தூரில் வேலை பார்த்தவராம், தமிழ் பேசினார்.

"அம்மா, இது இவங்க இடம். உங்க டிக்கெட்ல நம்பர் போட்டிருக்கே, பாக்கலையா?"

பார்த்தேன். போட்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு வந்திருந்தாலும் அதே இடம்தான். அப்போதுதான் கையிலிருந்த மற்ற மூன்று டிக்கெட்டுகளும் கண்ணில் பட்டன.

மேல்தளத்துக்கு ஓடினேன். இறங்க விடவில்லை. "ஏணியை எடுக்கப் போறோம். ஆளைக் காட்டுங்க, நானே டிக்கெட்டைக் கொண்டுபோய்க் கூட்டிட்டு வர்றேன். உங்க வீட்டுக்காரர் பேரென்ன?" என்றார் கப்பல்காரர்.

கட்டிய நாளிலிருந்து அந்தப் பேரை நான் சொன்னதில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான்.

"சென்னிமலைச் சாமி பேருங்க" என்றேன்.

"எந்த மலை?"

கீழே வேலிக்கு அந்தப்பக்கம் வழியனுப்ப வந்த கூட்டம். அதில் பாதி, எங்கள் டூர்க் கூட்டத்தை அனுப்பிவைக்க வந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள். நடுவில் கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் கப்பலுக்கு முதுகைக் காட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். (காலையில் திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு நான் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டேன் என்று நங்கையாள் சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் தேடியிருக்கிறார்கள்.)

கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க!" என்று கத்தினேன்.

ஆறு ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேரும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர்கள். என்னுடையவர் திரும்பவில்லை. மறுபடியும், "ஏனுங்க, உங்களைத்தானுங்க!" என்றேன். இந்தத் தடவை ஒன்பது பேர்.

சங்கு ஊதியது. இந்தக் கப்பல் என்னை மட்டும் தூக்கிக்கொண்டு போகப் போகிறது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, இருபத்திரண்டு வருஷத்துக் குரலும் சேர்ந்து வந்தது.

"ஏ... சென்னியப்பா!"

துறைமுகமே நின்றுவிட்டது போல இருந்தது. அவர் மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தார். அந்த மூஞ்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கப்பல்காரர் டிக்கெட்டோடு ஓடினார். அன்றைக்குக் கடைசியாக ஏறியவர்கள் அவர்கள் மூன்று பேர்தான்.

"என்ற தம்பியப் பேரு சொல்லிக் கூப்பிட எங்கம்மா ஒருத்திதான் இருந்தா. இப்ப நீயும் சேந்துட்டயா அம்மணி?" என்றார் நங்கையாள். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் மறுநாள் தீவு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒரு 'ங்க'வாச்சும் சேத்தியிருக்கலாமுல்ல?"

போன மாதம் அவருக்குக் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்பது மணி டாக்டருக்கு ஏழு மணிக்கே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சீட்டு எழுதுகிற பெண் என்னிடம், "பாட்டி, தாத்தா பேரென்னங்க?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "அவ சும்மாச் சொல்ல மாட்டா கண்ணு. கப்பல் கெளம்போணும்."