இடது பின்கதவில் ஒரு கீறல்

கீறல் இடது பின்கதவில் இருந்தது. சர்வேயர் முதலில் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஒரு சாண் நீளம் இருந்தது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நெளிசலும் இருந்தது.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. பத்தொன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான கீறல்களைப் பார்த்தவர். வண்டிகளுக்கு என்னென்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வீட்டுக் காரை ஓட்டுவது மனைவிதான். அவர் கம்பெனி வேனில் போய் வந்தார்.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஐந்து நாள் பயிற்சி என்று முந்தின நாள் திங்கட்கிழமைதான் வெளியூர் போயிருந்தாள். கிளம்பும்போது கார், பார்க்கிங் என்று ஏதோ நாலைந்து விஷயம் சொன்னாள். அவர் ஒரு லாரியின் ரேடியேட்டரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததால், நாலைந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு "ம்" கொடுத்தார்.

சனிக்கிழமை அவள் வந்துவிடுவாள். வந்ததும் கீறலைப் பார்ப்பாள். போன வருஷம் காரின் பக்கக் கண்ணாடி உடைந்தபோது, அது அவளுடைய கவனக்குறைவுதான் என்று நிரூபித்து அவர் மூன்று பக்க அறிக்கை ஒன்றை அவள் கையில் கொடுத்திருந்தார். அதை அவள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள். எதற்கு என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, தன் பார்க்கிங் இடத்திலேயே நின்று படிவத்தை எடுத்தார். வண்டி எண்ணைத் திரும்பிப் பார்க்காமலே எழுதினார்; ஆறு வருஷத்து மனப்பாடம். நிறம், வெள்ளை. சேதம், மேலே சொன்னபடி. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

எதிரே இரண்டாம் மாடி பல் டாக்டரின் பார்க்கிங் இடம். டாக்டரின் கிளினிக் அடுத்த தெருவில்தான், நடந்தே போவார். அதனால் அவருடைய இதே மாடல் வெள்ளைக் கார் வாரம் முழுக்க அங்கேயே நிற்கும். இன்றைக்கு அந்த இடம் காலி. நடுவில் ஒரு வாளி மட்டும் இருந்தது.

'வண்டியை மறைச்சுட்டான்' என்று சர்வேயர் நினைத்தார். வாளி எதற்கு என்பதும் உடனே விளங்கிவிட்டது. தடயத்தைக் கழுவியிருக்கிறான்.

மேலே குழாயிலிருந்து ஒரு சொட்டு வாளிக்குள் விழுந்தது. அது அவருடைய அறிக்கையில் இடம்பெறவில்லை.

ஆனாலும் அவர் அவசரப்படுகிறவர் அல்ல. சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு என்று ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவர். கீறலுக்குள் இடித்த வண்டியின் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். எதுவும் இல்லை. சிவப்போ நீலமோ இடித்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் இடித்ததும் வெள்ளை வண்டிதான். அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"பல் டாக்டரோட வண்டி இந்தப் பக்கம் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"எதுவரைக்கும் வந்துச்சு?"

"இதோ, இந்த இடத்துக்கே வந்துச்சு சார்."

"எப்போ?"

"நேத்து மத்தியானம். உங்க வீட்டம்மா கிளம்பிப் போனாங்கல்ல, அதுக்கப்புறம்."

"ஆள் இல்லாத நேரமா பார்த்து."

"ஆமா சார், இங்க காலியா இருக்கவும்தான் அவரு..."

"போதும்."

"நான் இன்னும் முடிக்கலையே சார்."

"சாட்சி கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்," என்றார் சர்வேயர். வாட்ச்மேன் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். யார் எது சொன்னாலும் ஒத்துக்கொண்டே முப்பது வருஷம் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர் அவர்.

புதன்கிழமை காலை லிஃப்டில் பல் டாக்டர் அகப்பட்டார். சர்வேயரைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "குட் மார்னிங் சார்" என்று முனகிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

தரையைப் பார்ப்பது குற்றவாளியின் அடையாளம். ஆனால் ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஆகவே மூன்றாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மா லிஃப்டில் ஏறும்வரை காத்திருந்து அவருக்கும் வணக்கம் சொன்னார். அந்த அம்மாவும் தரையைப் பார்த்தார். செருப்பு வார் அறுந்திருந்தது.

சர்வேயர் அவரையும் உடந்தை என்று சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையே சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. குற்றவாளியைப் பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மனைவி வருவதற்குள் கீறலையாவது மறைத்துவிட வேண்டும். வண்டிகளை எப்படிச் சரி செய்ய வேண்டும் என்று அவர் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறார். செய்ததுதான் இல்லை.

முதலில் பல் விளக்கும் பேஸ்ட்டை வைத்துத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் கீறல் மங்கியது. அதைச் சுற்றி இருந்த பளபளப்பும் சேர்ந்து மங்கியது. ஒரு சாண் கோடாக இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டமாயிற்று.

வியாழக்கிழமை காலை வெள்ளை பெயின்ட் வாங்கி வந்து வட்டத்தின்மேல் பூசினார். கடையில் வெள்ளையாகத்தான் இருந்தது. கதவில் பட்டதும்தான் அது மோர் நிறம் என்று தெரிந்தது. சுரண்டி எடுக்கப் பார்த்தார். பழைய கீறலுக்குப் பக்கத்தில் அதே நீளத்தில் நாலு புதுக் கீறல்கள் விழுந்தன.

வெள்ளிக்கிழமை காலை நெளிசலை இழுக்கிறேன் பேர்வழி என்று கொதிக்கும் தண்ணீரும் குளியலறை அடைப்பெடுக்கும் ரப்பரும் கொண்டுவந்தார். ரப்பர் கதவில் நன்றாக ஒட்டிக்கொண்டது. காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தார். 'டொக்' என்று சத்தம் கேட்டது. கட்டைவிரல் அகல நெளிசல் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைக்கலாம் போல ஒரு பள்ளம் இருந்தது.

'ஆரம்பச் சேதத்தின் இயல்பான விளைவு' என்று அறிக்கையில் எழுதினார். மூன்று நாள் பதற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் வலது கடைவாய்ப் பல் தெறித்தது.

அன்று மதியம் வலி தாங்கவில்லை. பக்கத்தில் வேறு பல் டாக்டர் கிடையாது. எதிரியின் நாற்காலியில் போய் உட்காருவது கௌரவக் குறைவு என்று மனம் சொன்னது. குறுக்கு விசாரணைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பல் சொன்னது.

"ஆ காட்டுங்க சார்," என்றார் டாக்டர்.

காட்டினார். வாய்க்குள் பஞ்சு, கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாம் போன பிறகு டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், அந்தக் கார் விஷயம். நானே நேர்ல வந்து சொல்லியிருக்கணும். தப்பு என் பேர்லதான்."

"ஆங்," என்றார் சர்வேயர்.

"உங்க வீட்ல சரின்னு சொல்லிட்டாங்க. இருந்தாலும் உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் இல்லையா."

சர்வேயருக்குப் பல்வலி மறந்துபோயிற்று. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே மூடி மறைத்திருக்கிறாள்.

"நீங்க தினமும் காலையில அங்க உட்கார்ந்து தேய்க்கிறதைப் பார்த்தா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. கோபம்னு நேரா சொன்னாக்கூடப் பரவாயில்லை." டாக்டர் ஒரு கூரான கொக்கியைக் கையில் எடுத்தார். "அதை மட்டும் விட்டுடுங்க சார்."

மிரட்டல், ஆயுதத்துடன். சர்வேயர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஃபீஸெல்லாம் வேணாம் சார்," என்றார். சர்வேயர் அதற்குப் பக்கத்தில் லஞ்சம் என்று எழுதிக்கொண்டார்.

மாலையில் மனைவி போன் செய்தாள்.

"கீழ பார்க்கிங்ல எல்லாம் சரியா இருக்கா?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான். டாக்டர்கூட ஏதும் தகராறு இல்லையே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்?"

அவர் போனை வைத்துவிட்டார். சாட்சிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டம் கீழ்த்தளத்து ஹாலில் நடந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். பல் டாக்டர் தன் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். லிஃப்ட் கதவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்று புகார் சொல்ல வந்தவர் அந்த மாமியார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ரகசியத்தையும் ஹாலுக்கே கேட்கும்படிதான் சொல்வார்.

சர்வேயர் எழுந்தார். வலது கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசறவன் இல்லை," என்று ஆரம்பித்தார். "என்கிட்ட இருக்கறது தகவல் மட்டும்தான்."

பதினோரு பக்க அறிக்கையை வாசித்தார். வாளி, வெள்ளைமேல் வெள்ளை, லிஃப்ட், கொக்கி, லஞ்சம். உடந்தை என்ற பகுதி வந்தபோது செயலாளர் அம்மா தன் பெயரைக் கேட்டு, எழுதிக்கொண்டிருந்த குறிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இறுதியாக, மேற்படி டாக்டரை இந்தக் கட்டடத்தில் இனிமேல் வண்டி நிறுத்தவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார் சர்வேயர்.

"நம்பாதவங்க இதைப் பாருங்க."

பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்த ஆறு படங்களைக் கொடுத்தார். அவை முன்வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறிப் போயின. பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியத்துக்கு முன்னால் மனிதர்கள் இப்படித்தான் ஆவார்கள் என்று சர்வேயர் படித்திருந்தார்.

பல் டாக்டர் ஒரு படத்தைப் பார்த்தார். பிறகு சர்வேயரைப் பார்த்தார். ஒரு பல் டாக்டர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதைச் சர்வேயர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

கடைசி வரிசையில் அவருடைய மனைவி பெட்டியோடு வந்து நின்றாள். ஒரு கையில் கார் சாவி. படம் அவள் கைக்கும் போயிற்று. பார்த்தவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போதாவது புரிந்ததே என்று சர்வேயருக்கு நிம்மதியாக இருந்தது.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

டாக்டரின் மாமியார் கையிலிருந்த படத்தை எட்டப் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, மருமகனின் காதருகே குனிந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, நம்ம காரைத் தினமும் காலையில தேய்ச்சுத் தேய்ச்சுப் பள்ளமாக்கினதே இவருதானே, அப்புறம் இவரே எதுக்கு வந்து புகார் குடுக்கறாரு?"